நேராகத் தெரிந்த படம்

அத்தியாயம் 7

முதல் உப்புக்கட்டி ஜீப்பின் பானெட்டில் விழுந்தது. இரண்டாவது, வெளியே நீட்டியிருந்த பெலிக்ஸின் முழங்கையில் வந்து நச்சென்று விழுந்தது.

"வரவேற்பு பலமா இருக்குது மேடம்," என்று கையை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றினான் பெலிக்ஸ். "சுத்திப் போடுறதா இருந்தா மிளகாயும் சேர்த்துப் போடணும். வெறும் உப்பு பலிக்காது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஸ்ரியா சிரிக்கவில்லை. புதுச்சேரியில் ஒன்றரை அறை ஆபீஸ் வைத்துக்கொண்டு துப்பறிகிறவள். அவள் சிரிப்பதே வருஷத்துக்கு இரண்டு தடவைதான், அதுவும் கேஸ் முடிந்த பிறகு. பெலிக்ஸ் அவளிடம் ஆறு வருஷமாக உதவியாளனாக இருக்கிறான். ஜீப் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, அடி வாங்குவது மூன்றும் அவன் வேலை.

"மணி என்ன?"

"ஒண்ணு பத்து."

"நாலு மணிக்கு பவுலினை அரெஸ்ட் பண்ணிடுவாங்க. இறங்கு."

பெலிக்ஸ் இறங்கினான். மனசுக்குள் அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அந்தப் பவுலின்தான் தப்பு செய்தவள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியைக் காலையில் இன்ஸ்பெக்டர் பெஞ்சமின் சொன்னபோது இவனும் தலையாட்டிவிட்டுத்தான் வந்திருந்தான்.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால், மரக்காணத்து உப்பளத்துக்கு நடுவே மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் ஒரு ஹெலிகாப்டர் வந்து இறங்குவதாக இருந்தது. அதை ஓட்டி வந்தவள் கேப்டன் பவுலின். சாதாரணமாக இறங்கினால் அதில் என்ன வித்தை? விஜயகுமார் என்கிற முதலாளி புதுசாக ஒரு சமாச்சாரம் பொருத்தியிருந்தார். ஹெலிகாப்டரின் வயிற்றுக்கு அடியில் வாலைப் பார்த்தபடி ஒரு கேமரா, பைலட்டின் முன்னால் ஒரு திரை. தூசி கிளம்பி வெளியே ஒன்றும் தெரியாமல் போனாலும் திரையைப் பார்த்தே பின்பக்கமாக நகர்த்தி இறக்கலாம், காரை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. பைலட் பார்க்கிற அதே படம், பந்தலில் உட்கார்ந்திருந்த விருந்தாளிகளுக்காகப் பெரிய டிவியிலும் ஓடியது.

மேட்டின் இடது மூலையில் சிவப்புக் கொடியோடு ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்கள். தேசப்பன், உப்பளத் தொழிலாளி. உப்புத்தூள் புகையாகக் கிளம்பியது. ஹெலிகாப்டரின் வால் திரும்பி அவனை அடித்தது, வண்டி சாய்ந்து நொறுங்கியது. தேசப்பன் அந்த இடத்திலேயே போய்விட்டான்.

திரையில் ஓடிய படம் அப்படியே பதிவாகியிருந்தது. அதில் தேசப்பன் வலது பக்கம் நிற்கிறான். கம்பெனி சொன்ன கதை சுருக்கமானது. கொடி பிடித்தவன் தன் இடத்தை விட்டு வலது மூலைக்குப் போய்விட்டான், பவுலின் அதைக் கவனிக்காமல் வாலை வலது பக்கம் திருப்பிவிட்டாள். செத்தவன் பாதி குற்றவாளி, ஓட்டியவள் மீதி குற்றவாளி, கம்பெனி பச்சைக் குழந்தை. விமான விபத்தை விசாரிக்கிற மேலிடத்து ரிப்போர்ட் வர ஆறு மாசம் ஆகும். அதுவரை காத்திருக்க இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை இல்லை. பவுலினின் அம்மா அன்னமேரி அழுதுகொண்டே நஸ்ரியாவிடம் வந்தது நேற்றுக் காலை.

வரப்பின் மேல் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் உப்பு வாரும் பலகை. நடுவில் நின்றவள்தான் கட்டியை எறிந்தவள். தேசப்பனின் மனைவி சுலோசனா.

"அந்தப் பொம்பளைக்கு வக்காலத்து வாங்க வந்தியா?" என்றாள். "அப்படியே திரும்பிப் போயிடு. உப்பைத் தின்னவ தண்ணி குடிச்சுத்தான் ஆவணும்."

"ஒரே ஒரு கேள்விம்மா. கேட்டுட்டுப் போயிடறேன்."

"மூணு வாரமா எல்லாரும் ஒரு கேள்வின்னுதான் வர்றீங்க. எவனும் பதிலைக் கேக்குறதில்ல."

"நான் கேக்குறேன். உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம் நின்னாரு?"

சுலோசனா பலகையைக் கீழே ஊன்றினாள். "வண்டி மூக்கைக் கடல் பக்கம் வச்சுக்கிட்டுத்தான் பின்னால வந்துச்சு. அவரு வடக்கால, மோட்டார் கொட்டாய்ப் பக்கம் நின்னாரு. நிக்கச் சொன்ன எடத்துலதான் நின்னாரு."

கடலைப் பார்த்து நின்றால் வடக்கு இடது கைப் பக்கம். பெலிக்ஸ் கையை நீட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டான்.

"ஆனா வீடியோவுல வலது பக்கம் இருக்காரேம்மா," என்றான். "கொஞ்சம் நகர்ந்து வேடிக்கை பார்த்திருப்பாரு. மனுஷன்தானே."

பலகை மறுபடி உயர்ந்தது. பெலிக்ஸ் நஸ்ரியாவின் பின்னால் ஒதுங்கினான்.

"நகர்ந்தாருன்னா எப்படி நகருவாரு? பறந்தா?" சுலோசனா மேட்டுக்குப் பின்னால் கைகாட்டினாள். வெயிலில் கண் கூச இரண்டு பெரிய பாத்திகள் கிடந்தன. "அந்த மூலைக்கு மேட்டைச் சுத்திப் போவணும்னா இந்த ரெண்டு பாத்தியில எறங்கித்தான் போவணும். அன்னைக்கு ரெண்டுலயும் உப்பு கட்டி ஏடு விழுந்திருந்துச்சு. அந்த நேரத்துல பாத்தியில காலு வச்சா உப்பு உடைஞ்சு சேறு கலந்துடும், அத்தனையும் பாழு. இருவது வருஷமா இதுல நிக்கிற மனுஷன், கொழந்த மேல மிதிச்சாலும் மிதிப்பாரு, ஏட்டு மேல மிதிக்க மாட்டாரு. மறுநா நான்தான் ரெண்டு பாத்தியையும் வாருனேன். ஒத்தக் காலு பள்ளம் இல்ல."

"மேட்டுக்குக் குறுக்கே ஓடியிருந்தா?" என்று அடக்கமாகக் கேட்டான் பெலிக்ஸ்.

"ஓடியிருந்தா வீடியோவுல தெரிஞ்சிருக்கும்," என்றாள் நஸ்ரியா. "ஒரு நிமிஷ வீடியோவுல யாரும் குறுக்கே ஓடல. பெலிக்ஸ், டேப்லெட்டை எடு."

பவுலினின் வக்கீலுக்குக் கம்பெனி கொடுத்த காப்பி அது. மேலே கால்வாசிக்கு ஒரு கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள். பட்டைக்குக் கீழே வெள்ளைப் புகை, புகைக்கு நடுவே வலது பக்கம் கொடியோடு ஓர் உருவம். கண்ணை மட்டும் விட்டு முகத்தைத் துண்டால் கட்டியிருந்தது.

சுலோசனா பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். பிறகு அவளாகவே திரும்பி டேப்லெட்டை வாங்கிக்கொண்டாள்.

"அவருதான்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "நெஞ்சுப் பக்கம் பையில போனு. தண்ணி படாம கவர்ல சுத்தி வச்சிருப்பாரு. பாரு, புடைச்சிக்கிட்டு நிக்குது."

நஸ்ரியா படத்தைப் பெரிதாக்கினாள். இடது நெஞ்சில் சட்டைப் பை, அதில் போன்.

"அவர்தான், அவர் சட்டைதான், பையும் இருக்க வேண்டிய எடத்துல இருக்குது," என்றான் பெலிக்ஸ். "படத்துல தப்பே இல்ல மேடம். வாங்க, மானத்தோட கிளம்பிடலாம்."

நஸ்ரியா படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சுலோசனாதான் டேப்லெட்டை அவள் கையில் திணித்தாள். "பாத்துட்ட இல்ல? கிளம்பு. நாலு மணிக்கு நானும் வர்றேன், அவ கையில வெலங்கு போடுறதைப் பாக்க."

ஜீப் கிளம்பியது. பின்னால் வரப்பில் சுலோசனா பலகையோடு நின்று அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெலிக்ஸ், மேலே கண்ணாடியில அந்தம்மா தெரியறாங்களா?"

"தெரியறாங்க. இன்னொரு கட்டியைத் தேடுறாங்க."

"அவங்க போட்டிருக்கிறது அவங்க வீட்டுக்காரர் சட்டை. பை எந்தப் பக்கம் இருக்குது?"

பெலிக்ஸ் எட்டிப் பார்த்தான். "வலது பக்கம். அட, வலது பக்கம் பை வச்சு எவன் தைப்பான்? கண்ணாடியில பார்க்கிறதால மாறித் தெரியுது மேடம்."

"மாறித்தான் தெரியணுமா?"

"பின்ன? கண்ணாடின்னா அப்படித்தானே?"

"ரொம்ப சரி," என்றாள் நஸ்ரியா. அவள் 'ரொம்ப சரி' என்று சொன்னால் ஏதோ முட்டாள்தனமாகப் பேசிவிட்டோம் என்று அர்த்தம் என்பது பெலிக்ஸுக்கு ஆறு வருஷ அனுபவம்.

கேப்டன் பவுலினைக் கம்பெனியின் விருந்தினர் விடுதியில்தான் வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு கான்ஸ்டபிள். தோள் எலும்பு முறிந்து கையைத் தூளியில் தொங்கவிட்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நாற்காலியைக்கூடக் காட்டவில்லை.

"எங்கம்மா கூப்பிட்டா வந்துடுவீங்களா? எனக்கு யாரும் வேண்டாம். நடந்ததை மூணு வாரமா சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்."

"எனக்கு ஒருவாட்டி சொல்லுங்க," என்றாள் நஸ்ரியா.

"புகை மூடிடுச்சு. வெளிய ஒண்ணும் தெரியல. திரையில அந்த ஆளு வலது பக்கம் நின்னாரு. இடது பக்கம் நிக்க வேண்டியவரு. ஏன் மாறி வந்தாருன்னு யோசிக்கக்கூட நேரமில்ல. அவரை விட்டு விலகணும்னு வாலை இடது பக்கம் திருப்பினேன். கேட்டுக்கங்க, இடது பக்கம்."

"அந்தம்மா சுலோசனா, அவர் நகரவே இல்லன்னு சொல்றாங்க."

"அவங்க பொய் சொல்றாங்க. புருஷன் மேல தப்பு வந்துடக் கூடாதுன்னு."

"அவங்க உங்களைப் பொய்க்காரின்னு சொல்றாங்க," என்றான் பெலிக்ஸ். "ரெண்டு பேருல யாரோ ஒருத்தர் புளுகுறீங்க. எனக்கு முழங்கையில இன்னும் வலிக்குது, அதனால நான் அவங்களையே நம்பிடறேன்."

பவுலின் அவனைப் பார்த்த பார்வையில் உப்புக்கட்டியே தேவலை என்று தோன்றியது.

நஸ்ரியா குறுக்கிட்டாள். "பெலிக்ஸ், ரெண்டு பேரும் நிஜம் சொன்னா என்ன ஆகும்னு ஒருத்தராவது யோசிச்சீங்களா? இவங்களும் அவங்களும் ஒரே அறையில உக்கார்ந்து பேசவே இல்ல. பேசியிருந்தா ரெண்டாவது நாளே கேஸ் முடிஞ்சிருக்கும்." பிறகு பவுலினிடம் திரும்பினாள். "ஒத்திகை எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை. முந்தின நாள். ரெண்டும் சுத்தமா இருந்துச்சு."

"அப்ப திரை எப்படி இருந்துச்சு? கார் கண்ணாடி மாதிரியா?"

"ஆமா. இடது பக்கம் இருக்கிறது இடது பக்கமே தெரியும். அப்படி இருந்தாத்தானே ஓட்ட முடியும்?" சொல்லிவிட்டுப் பவுலின் நிறுத்தினாள். அவள் முகம் மாறியது. "ஏன் கேக்குறீங்க?"

"நாலு மணிக்குச் சொல்றேன். அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

நாலு மணிக்கு விடுதியின் கூடத்தில் ஏசி குளிரில் எல்லோரும் கூடினார்கள். மேஜைக்கு நடுவே இன்ஸ்பெக்டர் பெஞ்சமின், கேஸ் கட்டின் மேல் கையை வைத்தபடி. அவருக்கு வலது பக்கம் முதலாளி விஜயகுமார், வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரம். அவருக்குப் பின்னால் கம்பெனி இன்ஜினியர் வெற்றிச்செல்வன், தலையைக் குனிந்தபடி. இந்தப் பக்கம் பவுலின். கதவோரத்தில் சுலோசனா. உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று நின்றாள்.

"சீக்கிரம் முடிங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர், நஸ்ரியாவைப் பார்த்து. "உங்க அம்மா வீட்டுக் கல்யாணம் இல்ல இது."

"முதலாளி சார்கிட்ட ரெண்டு சந்தேகம். வீடியோவுல மேல கறுப்புப் பட்டை போட்டிருக்கீங்களே, எதுக்கு?"

"டிசைன் ரகசியம்," என்றார் விஜயகுமார். "போட்டிக் கம்பெனிக்காரன் பார்த்துடுவான்."

"அந்த இடத்துல வாலோட அடிப்பக்கம்தானே தெரியும்? அதுல உங்க பேரைத்தானே பெருசா எழுதியிருக்குது? நான் நொறுங்கிக் கிடக்கிற வண்டியைப் பார்த்தேன். அழகான எழுத்து."

"தமிழ்லதான் எழுதணும்னு சொல்லிட்டேன்," என்றார் விஜயகுமார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "கீழ நிக்கிறவன் அண்ணாந்து பார்த்தா படிக்கணும்."

"பாவம், டிவியில மட்டும் சரியா வந்திருக்காது."

"யார் சொன்னா?"

"ஊர்ல பேசிக்கிறாங்க. பேரு திரும்பிப் போய், படிக்கவே முடியாம கோணல்மாணலா இருந்துச்சாம். விருந்தாளிங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்களாம்."

பெலிக்ஸுக்கு ஆச்சரியம். ஊரில் யாரும் அப்படிப் பேசவில்லை. ஊர் இவர்களிடம் பேசவே இல்லை, உப்புக்கட்டியைத்தான் எறிந்தது.

விஜயகுமார் மேஜையில் தட்டினார். "எவன் சிரிச்சான்? முந்தின நாள் ஒத்திகையிலதான் அந்தக் கண்றாவி. வலமிருந்து இடமா, ஒவ்வொரு எழுத்தும் திரும்பிக்கிட்டு நின்னுச்சு. என் கண்ணுதான் முதல்ல பார்த்துச்சு. உடனே வெற்றிச்செல்வனைக் கூப்பிட்டு, நாளைக்குப் பேரு நேரா வரணும்னேன். மறுநாள் வந்துச்சு. அத்தனை பேரும் எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. கேளுங்க இவனை."

வெற்றிச்செல்வன் தலையை நிமிர்த்தவே இல்லை. பவுலின் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்வளவுதான் சார், நன்றி," என்றாள் நஸ்ரியா. "இன்ஸ்பெக்டர் சார், உங்க ஜீப்புல பின்னால பார்க்கிற கண்ணாடி இருக்குது இல்ல? அதுல பின்னால வர்ற லாரியோட போர்டு எப்படித் தெரியும்?"

"திரும்பித் தெரியும். அதுக்கென்ன?"

"திரும்பித் தெரியறதாலதான் இடது பக்கம் வர்ற வண்டி உங்களுக்கு இடது பக்கமே தெரியுது. பின்பக்கம் பார்க்கிற கேமராவுக்கும் அதே கதைதான். படம் திரும்பி இருந்தாத்தான் பைலட்டுக்குப் பக்கம் சரியா இருக்கும். எழுத்தை நேராக்கினா பக்கம் மாறிடும். இடது பக்கம் நிக்கிற ஆளு வலது பக்கம் தெரிவாரு."

டேப்லெட்டை மேஜையில் வைத்தாள். "பேரைப் பட்டை போட்டு மறைச்சாங்க. சட்டைப் பையை மறைக்க மறந்துட்டாங்க. இது முந்தின நாள் ஒத்திகை மாதிரி இருந்திருந்தா இவர் சட்டைப் பை வலது நெஞ்சுல தெரிஞ்சிருக்கணும். இடது நெஞ்சுல இருக்குது. படத்துல எல்லாமே நேரா இருக்குது. அதான் தப்பு."

இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார். தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அவர் இடது மூலையை விட்டு நகரல," என்றாள் நஸ்ரியா. "இவங்க வலது பக்கம் தெரிஞ்சவரை விட்டு விலகத்தான் இடது பக்கம் திருப்பினாங்க. ரெண்டு பேரும் சொன்னது நிஜம். நடுவுல இருந்த படம்தான் பொய்."

"எனக்கு யாருமே சொல்லல," என்றாள் பவுலின். "படத்தை மாத்தினதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வண்டியை எடுத்தே இருக்க மாட்டேன்."

வெற்றிச்செல்வன் எழுந்து நின்றான். "கேப்டன்கிட்ட சொல்லிடலாமா சார்னு முதலாளிகிட்ட கேட்டேன். டிவியில பேரை மாத்துறதுக்கு டிரைவர்கிட்ட பர்மிஷன் வாங்கணுமான்னு கேட்டாரு. ரெண்டு படமும் ஒரே லைன்னு எனக்குத் தெரியும். பயந்துக்கிட்டு வாயை மூடிட்டேன். பட்டை போட்டதும் நான்தான்."

"டேய், உக்காருடா," என்று விஜயகுமாரும் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க," என்றார் இன்ஸ்பெக்டர் அவரிடம். அந்த மரியாதை பெலிக்ஸுக்குப் பிடித்திருந்தது. அதில் மரியாதை துளியும் இல்லை. ஆனால் காலையில் இதே ஆளுக்குத் தலையாட்டியது ஞாபகம் வந்ததும் அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

சுலோசனா கதவோரத்திலிருந்து நடந்து வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள். உப்பு காய்ந்த கால்தடங்கள் கம்பளத்தில் வெள்ளையாக விழுந்தன.

"அப்ப அவரு நின்ன எடத்துலதான் நின்னாரு," என்றாள் நஸ்ரியாவிடம்.

"ஆமாம்மா. அசையவே இல்ல."

அவள் விஜயகுமார் பக்கம் திரும்பினாள். "உன் பேரு நேராத் தெரியணும்னு இதைப் பண்ணியிருக்க. சரி. எங்க வீட்டுக்காரர் பேரு இன்னா? சொல்லு."

விஜயகுமார் வாயைத் திறந்தார். வெற்றிச்செல்வனைப் பார்த்தார். கேஸ் கட்டைப் பார்த்தார். அதன் மேல் இன்ஸ்பெக்டரின் கை இருந்தது, அது நகரவில்லை. "அந்த... கொடி பிடிச்ச..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார்.

புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லாத பெண் அவள். இப்போதும் சொல்லவில்லை, காத்துக்கொண்டு நின்றாள்.

பவுலின் எழுந்தாள். தூளிக்குள் இருந்த கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தேசப்பன்," என்றாள்.

சுலோசனா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இன்னும் கோபம் இருந்தது. மூன்று வாரத்துக் கோபம் ஒரு நிமிஷத்தில் போய்விடாது.

"இன்னொரு வாட்டி சொல்லு," என்றாள். "இந்த ஆளுக்குக் கேக்குற மாதிரி."